பொரித்த உணவின் வேதிப்பொருள்களும் வளரிளம் பருவத்தினரும்

மாவுப்பண்டத்தை 120 டிகிரி செல்சியசுக்கு மேல் பொரிக்கும்போது, அதிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு வினைபுரிந்து அக்ரிலமைடு உண்டாகிறது. உணவில் இது இருப்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். குளிர்பதனக் கிடங்கில் கிடந்த உருளைக்கிழங்கில் சர்க்கரை கூடிவிடுவதால், அதில் போடும் சிப்ஸில் அக்ரிலமைடும் கூடும். அதே சூட்டில் புரதமும் கொழுப்பும் சர்க்கரையோடு பிணைந்து ஏஜிஇ எனப்படும் சேர்மங்களாகின்றன. ஆவியில் வேகும் இட்லிக்கு அந்தச் சூடு ஏறுவதில்லை.

அக்ரிலமைடு என்றாலே புற்றுநோய்ப் பயம்தான் முன்னால் வருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களில் சேர்த்தது; சான்று பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தது. உணவு வழியே இதை உட்கொண்ட மனிதரிடம் நடந்த ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்பது அவசர முடிவு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் புற்றுநோய்க்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஏஜிஇயோடு தொடர்புள்ள சர்க்கரை நோயைத்தான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2024இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடை கூடிய 38 பேர் ஏஜிஇ குறைந்த, அதாவது வேகவைத்த உணவை 12 வாரம் உண்டபோது, அவர்கள் உடலில் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. அவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கையும் சிறிது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் பதினைந்து வயதில் பிடித்த நாக்குருசி இருபத்தைந்தில் தானாகப் போய்விடாது. அக்ரிலமைடு விஷயத்திலும், எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதை அதிகம் உட்கொள்கிறார்கள்.

தாத்தா பாட்டியும் பஜ்ஜி தின்றவர்கள்தானே என்பார்கள். அவர்களுக்கு அது விருந்தாளி வந்த நாளின் பலகாரம். இன்று திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்திலும் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கைக்காசில் தினமும் கிடைப்பது சிக்கன் 65, சமோசா. வடசட்டியில் கறுத்து நுரைக்கும் பழைய எண்ணெயைக் கொட்டாமல், குறையக் குறையப் புது எண்ணெய் ஊற்றுவது கடை வழக்கம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் கூடும் மொத்த முனைவுச் சேர்மம் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் தள்ளுவண்டியில் அதை அளந்து பார்ப்பது யார்? வேகவைத்த உணவு பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வழியும் இங்கே உண்டு: 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் தமிழ்நாடு அரசின் காலை உணவுத் திட்டம் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அதில் உப்புமா, பொங்கல், கிச்சடி என எல்லாம் நீரில் வேகும் உணவு. அத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; பிள்ளை கடைத்தெருவில் தானே வாங்கித் தின்னத் தொடங்குவதோ ஆறாம் வகுப்புக்குப் பிறகு.