தறியும் வரவுசெலவும்: கொழும்பில் பெண்கள் தொழிற்பயிற்சியின் பாதை

கொழும்பில் பெண்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி விடாமல் தொடர்கிறது: பயிற்சியில் உருவாகும் பொருளை விற்பது யார், விற்ற பணம் யாரைச் சேரவேண்டும்?

பிரான்சின் ஆஞ்சே நகரில் 1835இல் மேரி யூப்ரேசியா பெல்லெத்தியே நிறுவிய நல்லாயன் சபையின் கன்னியர் 1869இல் கொழும்புக்கு வந்தனர். கொட்டாஞ்சேனையில் அவர்களது மடம் வேரூன்றியது. பெண்களுக்குக் கல்வியும் அடைக்கலமும் தருவது அவர்களது பணி. இல்லத்தின் செலவைக் கைவேலை வருமானத்தால் தாங்குவது அச்சபை பல நாடுகளில் கைக்கொண்ட வழி. அதற்கு இருண்ட பக்கமும் உண்டு. அயர்லாந்தில் இச்சபை உட்பட நான்கு சபைகள் நடத்திய மக்தலேனா சலவைக்கூடங்களில் பெண்கள் கூலியின்றி உழைத்தனர். அதற்காக 2013இல் அந்நாட்டுப் பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நோக்கம் நல்லதாக இருந்தாலும் கூலிக்கு ஏடு இல்லாத இடத்தில் அநீதி நுழைந்துவிடுகிறது.

மடத்துக் கைவேலையின் மறுமுனை வெள்ளவத்தையில் இருந்தது. இன்று ஹெவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் பிரித்தானியர் காலத்து நூற்பு நெசவு ஆலை இயங்கியது. அங்கே கூலி உண்டு. ஆனால் ஆலை நடந்தது இலாபத்துக்காக.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் திறந்தவர் மருத்துவர் மேரி இரட்ணம். கனடாவில் பிறந்து, தமிழரான கிறிஸ்டியன் இரட்ணத்தை மணந்து கொழும்பில் வாழ்ந்த அவர், 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். கனடாவின் கிராமப் பெண்கள் மன்றங்களே அதற்கு முன்மாதிரி. சுகாதாரமும் கைத்தொழிலும் ஊர்ப் பெண்கள் தாமே கூடி நடத்தும் சங்கங்கள் வழியாகப் பரவின. 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

சங்கம் அமைப்பைத் தந்தது. வாங்குபவரை ஈர்க்கும் வடிவமைப்பு 1960களில்தான் வந்து சேர்ந்தது. நல்லாயன் சபையின் மாகாணத் தலைவியாக இருந்த அயர்லாந்துக் கன்னியர் மதர் குட் கவுன்சல், மடத்து நெசவு நிலையங்களுக்குத் துணி வடிவமைத்துத் தருமாறு ஓவியர் பார்பரா சன்சோனியைக் கேட்டார். கண்டியில் 1928இல் பிறந்து இலண்டனில் ஓவியம் பயின்றவர் அவர். இந்தத் தீவின் வெயிலும் கடலும் பசுமையும் அவர் கைபட்டுப் பட்டைக் கோடுகளாகத் துணியில் இறங்கின. 1964இல் 'பெயார்ஃபுட்' நிறுவனம் பிறந்தது. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் அதன் கடை இன்றும் நடக்கிறது. பயிற்சி நிலையத்துத் துணி இரக்கத்துக்காக வாங்கப்படும் நிலை இங்கே மாறியது. அழகுக்காக அதை விலை கொடுத்து வாங்கினார்கள்.

பயிற்சி நிலையங்களுக்குள்ளே இழுபறி இல்லாமல் போகவில்லை. கைத்தறியில் புதிதாக அமர்பவர் நூலை அறுப்பார், மெதுவாக நெய்வார். அவர் நெய்ததில் ஒரு பகுதி விற்பனைக்கு உதவாது. தேர்ந்த நெசவாளியை வைத்துக்கொண்டால் வருமானம் கூடும். புதியவரைச் சேர்த்தால்தான் நிலையத்தின் நோக்கம் நிறைவேறும். தொழிற்பயிற்சி நிறுவனம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதமும் எடுக்கவேண்டிய முடிவு இது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் சோதனை கடுமையானது. இறக்குமதித் துணி மலிவாக வந்து குவிய, பாதுகாக்கப்பட்ட சந்தையை நம்பியிருந்த கைத்தறி நிலையங்கள் பல மூடப்பட்டன. அடுத்த ஆண்டு தொடங்கிய கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் இளம்பெண்களை ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அழைத்துக்கொண்டது. மலிவு விலையில் போட்டியிட முடியாத கைத்தறிக்குத் தனித்த வடிவமைப்பே பிடிமானமாயிற்று. 1991இல் குருணாகலில் சான்ட்ரா வந்துராகல தொடங்கிய செலின் நிறுவனம் அதோடு நியாய வணிகச் சான்றிதழையும் சேர்த்துக்கொண்டது. நெய்பவருக்கு உரிய கூலி கிடைக்கிறதா என்பதை வெளியார் சரிபார்க்கும் ஏற்பாடு அது.

மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனம், விற்ற பணம் யாரைச் சேரவேண்டும் என்ற கேள்விக்கு இன்னொரு விடையைத் தந்தது. அங்கே வேலை செய்யும் பெண்களே உரிமையாளர்கள். இலாபம் அவர்களுக்கே பகிரப்படுகிறது.

சந்தையை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் உட்பட பல இடங்களில் குண்டுகள் வெடித்தபின் சுற்றுலாப் பயணிகள் வரத்துக் குறைந்தது. அதைத் தொடர்ந்து பெருந்தொற்று வந்தது. 2022இல் ரூபாய் சரிந்தபோது இறக்குமதியாகும் பருத்தி நூலின் விலை ஏறியது. பயணிகளை நம்பிக் கைப்பணிப் பொருள் விற்ற எல்லோரையும் இவை தாக்கின.

இந்த வரலாறு காட்டும் முடிவு தெளிவானது. இலாபமும் சமூக நோக்கமும் ஒரே பெட்டிக்குள் கலக்கும்போது இரண்டும் கெடுகின்றன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்று தையல், அழகுக்கலை, கேக் தயாரிப்பு வகுப்புகள் நடத்துவோர் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும். பயிற்சிச் செலவைத் தனி ஏட்டில் எழுதி, அதற்கு நன்கொடையோ இலாபத்தில் ஒரு பங்கோ ஒதுக்கவேண்டும். பயிலும் பெண் செய்த பொருள் விற்றால் முதல் நாளிலிருந்தே அவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். வாங்குபவர் யார் என்று அறிந்த பிறகே வகுப்பைத் தொடங்கவேண்டும்.