பிறையும் காற்றும்

சோழவரம் என்றவுடன் சென்னைவாசிகளுக்கு நினைவில் எழுவது ஏரி. சற்று வயதானவர்களாயின், இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட விமான ஓடுதளமும், பின்னர் பல்லாண்டுகள் அங்கே நடைபெற்ற மோட்டார்ப் பந்தயங்களும் நினைவுக்கு வரலாம். ஆனால் அவ்வூரின் வழியே செல்லும் வடபெருஞ்சாலைக்கு இவற்றினும் முந்திய வரலாறு ஒன்று உண்டு. செங்குன்றம், சோழவரம், காரனோடை என வடக்கே சென்று, தச்சூரில் கிழக்கே திரும்பிப் பொன்னேரியைக் கடந்தால் இச்சாலை நம்மைப் பழவேற்காட்டில் கொண்டு சேர்க்கிறது. தமிழ் முஸ்லிம்களின் கடற்பயண வரலாற்றை எழுதப் புகுவோர் காயலையும் கீழக்கரையையும் நாகூரையும் விரிவாக எழுதுவர்; பழவேற்காட்டை ஒரு வரியில் முடித்துவிடுவர். இது நியாயமன்று.

விஜயநகரப் பேரரசு செழித்திருந்த காலத்தில் அதன் கீழைக்கடல் வாணிபத்தின் தலைவாயிலாக விளங்கியது பழவேற்காடு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா, அத்துறைமுகத்தில் இந்துக்களும் முஸ்லிம்களுமான வணிகர் நிறைந்திருந்ததைக் குறிப்பிடுகிறார். அங்கிருந்து கப்பலேறிய முதன்மைச் சரக்கு துணி. நம் வீடுகளில் இன்றும் ‘பாளையகாட்’ என்று சொல்லப்படும் கட்டம் போட்ட கைலிக்கு அப்பெயர் வந்ததே அவ்வூரால்தான். மலாய் மக்கள் தொழுகைக்கு உடுத்தும் கைலியை ‘காயின் பெலேகாட்’ என்பார்கள். மெக்சிக்கோ நாட்டு உழவர் கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்கு ‘பலியகாத்தே’ என்று பெயர். ஊர் மங்கிப் போயிற்று. பெயர் மட்டும் உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது!

துணியோடு மனிதர்களும் போனார்கள். ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லை நம்மவர் தமிழாக்கிக்கொண்டு, கடல் கடந்து பொருள் தேடச் சென்றவரைச் ‘சபராளி’ என்றழைத்தனர். அச்சபராளி எப்போது வீடு திரும்புவார் என்பதே நம் கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு குடும்பத்தின் கேள்வியாக இருந்தது. பெருநாளுக்கு வந்துவிடுவார் என்று விடை சொல்வது எளிது. பாய்மரக் காலத்தில் அவ்விடை பெரும்பாலும் பொய்த்தே போயிற்று. காரணம், பிறைக்கும் காற்றுக்கும் ஒத்துப்போகாது.

தென்மேற்குக் காற்று வீசும்போது மரக்கலங்கள் சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் செல்லும். வடகிழக்குக் காற்றில் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயலுக்கு அஞ்சிக் கரையோரக் கப்பலோட்டம் அடங்கிக் கிடக்கும். இந்தச் சுழற்சி சூரியனுக்குக் கட்டுப்பட்டது. நம்முடைய ஹிஜ்ரி ஆண்டோ சந்திரனைப் பின்பற்றுவது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்திக்கொண்டே வருவது. ரமலான் ஒரு பருவத்தை விட்டு நீங்கி மீண்டும் அதே பருவத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 33 ஆண்டுகளாகும். 1958ஆம் ஆண்டில் நோன்பு மார்ச் மாதத்தில் தொடங்கிற்று, பிறகு 1991இல், பிறகு 2024இல். ஆகவே, ஒருவர் இருபது வயதில் கடலோடத் தொடங்கினால், நோன்பு மாதமும் திரும்புகாற்றும் தொடர்ந்து சில ஆண்டுகள் கூடிவரும்; அப்பருவம் கடந்துவிட்டால், மறுபடி கூடிவரும்போது அவருக்கு நரை கண்டிருக்கும். இடைப்பட்ட பெருநாள்களை அவர் மலாக்காத் தெருவிலோ நடுக்கடலிலோதான் கழித்திருப்பார்.

நடுக்கடலில் இருப்பவருக்கு நோன்பில் சலுகை உண்டு. பயணத்திலிருப்போர் விட்ட நோன்பை வேறு நாள்களில் நோற்றுக்கொள்ளலாம் என அல்பகரா அத்தியாயம் அனுமதி வழங்குகிறது. வீட்டில் காத்திருப்பவளுக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஸஹருக்கு எழுந்து உலை வைப்பதும், பிள்ளைகளுக்குப் புத்தாடை தைப்பதும், ஃபித்ராவுக்கு அரிசி அளப்பதும் அவள் பொறுப்பே. அவளுக்குத் துணையாயிருந்தது அரபுத் தமிழ். குர்ஆன் ஓதக் கற்ற பெண், அதே எழுத்தில் தமிழையும் எழுதக் கற்றாள். கணவருக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதினாள். நம் பெண்களைக் கல்வியற்றவர்கள் என்று எழுதிவைத்தவர்கள் இவ்வெழுத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1610இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வாணிப உரிமை பெற்றனர். 1613இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய ஆட்சிப்பீடம் இதுவே. அனுமதிச் சீட்டுகளாலும் பீரங்கிகளாலும் நம் மரக்கலங்களை நெருக்கினர். இதைவிடக் கொடியதொன்றும் நடந்தது. பஞ்ச காலங்களில் பசியால் விற்கப்பட்ட ஏழைகளை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றதும் இக்கரையிலிருந்துதான். அவர்கள் எந்த மாதத்திலும் எந்தக் காற்றிலும் திரும்பவில்லை. சபராளிகளின் பெருமையை எழுதும்போது, அதே நீரில் சென்ற இவர்களையும் நினைப்பது கடமை.

நீராவிக் கப்பல் வந்தது. காற்றின் ஆட்சி முடிந்தது. பெருநாளுக்கு முந்திய மாதத்தில் குடும்பம் கூடுவதென்பது ஆதிகாலம் தொட்டு வந்த வழக்கம் என நாம் எண்ணுகிறோம். என் கருத்தில், சபராளிக் குடும்பங்களைப் பொறுத்தவரை அது நீராவி தந்த கொடை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கால அட்டவணைப்படி கப்பல்கள் ஓடின. பினாங்கில் சூலியாத் தெருக் கடைக்காரர், ரஜபு மாதத்திலேயே கணக்கை முடித்து, ஷஃபானில் கப்பலேறி, பராஅத் இரவுக்கோ தலைநோன்புக்கோ வீட்டை அடையலாம் என்று திட்டமிட முடிந்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’வை அறியாத பழைய சபராளி இல்லை. 5,000க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல் அது. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். பாயை விரித்த இடமே வீடு. பக்கத்துப் பாய்க்காரரே உறவினர்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கி வடக்கே செல்வோர்க்கு வழிகள் பல இருந்தன. பக்கிங்காம் கால்வாயில் படகேறினால் எண்ணூர் வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்கே போகலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூடூர் இருப்புப்பாதை வந்தபின் பொன்னேரி வரை ரயில். இவை தவிர, சோழவரம் வழியே வண்டிப்பாதை. ஏரிக்கரைக் காற்றில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு, மறுபடியும் பூட்டிச் செல்லத் தக்க இடம் அது.

அம்மாதத்து உணவைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். நோன்புக் கஞ்சிக்கு வேறு எதுவும் ஈடில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைய வெந்து, இஞ்சியும் பூண்டும் மணக்க, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிய கஞ்சியைப் பள்ளிவாசல் முற்றத்தில் முதலாளியும் கூலியாளும் ஒரே வரிசையில் அமர்ந்து குடித்தனர். இதே கஞ்சி கடல் கடந்தும் சென்றது. 1826இல் சிங்கப்பூரில் சூலியாக்கள் நிறுவிய ஜாமிஆப் பள்ளியில் இன்றளவும் அது காய்ச்சப்படுகிறது. மறுதிசையில் அங்கிருந்து வந்தவையும் உண்டு. நோன்பு திறக்கையில் நாம் விரும்பி உண்ணும் கடற்பாசிக்கு உலகம் வழங்கும் பெயர் ‘அகர்-அகர்’, அது மலாய்ச்சொல். கீழக்கரையின் தொதலோ இன்னும் சுவையான சான்று. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டியெடுக்கும் இப்பண்டத்தை மலாய்க்காரர் ‘டோடோல்’ என்பர். அவர்களும் பெருநாளுக்கு முன்னரே, ஆண்கள் முறைவைத்துக் கிண்ட, பெரிய கொப்பரையில் செய்வார்கள். நாம் ‘கந்தூரி’ என்பதை அவர்கள் ‘கெந்தூரி’ என்பார்கள். எவர் எவருக்குக் கற்பித்தார் என்று வழக்காடுவதைவிட, உண்பது மேல்.

இந்த இனிய மாதத்துக்கு நெடிய ஆயுள் அமையவில்லை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு கடல்வழியை அடைத்தது. அங்கிருந்தவர் அங்கேயும் இங்கிருந்தவர் இங்கேயுமாக நான்கு பெருநாள்கள் கழிந்தன. பாதை மீண்டும் திறந்தபின் சட்டங்கள் குறுக்கே நின்றன. 1953இல் நடைமுறைக்கு வந்த மலாயாவின் குடிநுழைவுச் சட்டம், ஊருக்கு வந்து திரும்புவதைக் கடினமாக்கிற்று. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. பெருநாளுக்கு ஊர் போனால் மீண்டும் உள்ளே விடுவார்களா என்ற அச்சத்தில் பயணத்தையே கைவிட்டவர்கள் பலர். பர்மாவின் கதை இதனினும் துயரமானது. 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபின், இரங்கூனில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, உடுத்த உடையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களில் பலர் குடியேறிய இடங்களுள் ஒன்று, சோழவரத்துக்குத் தெற்கே அதே நெடுஞ்சாலையில் உள்ள செங்குன்றம். முன்னர் தொதலும் துணிமணியுமாகப் பெட்டி கட்டி வந்தவர்களின் சாலையில், பெட்டியே இல்லாமல் வந்தார்கள் இவர்கள்.

ரஜூலாவின் ஓட்டம் 1973இல் நின்றது. அதன்பின் அவ்வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்தோடு அப்பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுற்றது. ஒரு வாரப் பயணம் நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பழவேற்காட்டில் சின்னப் பள்ளிவாசலின் நிழற்கடிகாரம் இன்றும் இருக்கிறது. ஏரிமுகம் மணல் மூடி, மீனவர் படகுகளுக்கே வழி விடத் தயங்குகிறது. சபர் சென்றவர் இப்போது மீனம்பாக்கத்தில் இறங்குகிறார். ஷஃபான் பிற்பகுதியில் அங்கே போய் நின்றால், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருபவர்களைக் காணலாம். அவற்றுள் ஏதேனும் ஒன்றில், தஞ்சோங் பகார் கடையில் வாங்கிய பாளையகாட் கைலி ஒன்றும் இருக்கக்கூடும்.