அம்மியும் மின்விசையும்

வடபுலத்து நகரங்களில் குடியேறிய தமிழர் இல்லங்கள் சிலவற்றில், பால்கனியின் ஒரு மூலையில், துளசித் தொட்டிக்கு அடியில் ஓர் அம்மி இன்றும் கிடப்பதைக் காணலாம். ஒரு தலைமுறைக்கு முன்னர் ஊரிலிருந்து இரயிலேறி வந்த கல் அது. சுமைகூலிக்காரர் முணுமுணுத்ததும், உடன் பயணம் செய்தோர் வியந்து நோக்கியதும் பல குடும்பங்களில் இன்னும் கதையாகச் சொல்லப்படுகின்றன. அன்று இல்லத்தரசியர் அதனை விட்டுவர மறுத்ததற்குக் காரணம் இருந்தது. தேங்காயும் மிளகாயும் அரைபடாத வீட்டில் நம்மவர்க்குச் சமையல் ஏது?

ஆனால் அந்தக் கல்லின் பின்னே இருந்த உழைப்பை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். காலையில் சட்னிக்கு அம்மி, மாலையில் மறுநாள் இட்டிலிக்கு ஆட்டுக்கல், பொடி இடிக்க உரலும் உலக்கையும் என, பெண்ணின் பொழுதில் பெரும்பகுதி கல்லோடு கழிந்தது. பிறர் வீடுகளில் மாவு அரைத்துக் கொடுத்துப் பிழைத்த ஏழைப் பெண்களும் இருந்தனர். மாடிக் குடியிருப்புகள் பெருகியபோது வேறொரு தொல்லையும் சேர்ந்தது. மேல்தளத்தில் ஆட்டுக்கல் சுழன்றால் கீழ்வீட்டாரின் உறக்கம் கலையும். எம் அன்னையார் அண்டை வீட்டாரிடம் இதன்பொருட்டுப் பெற்ற வசைமொழிகள் சில, மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள எமக்கும் இன்றுவரை மொழிபெயர்க்க வராதவை.

மின்விசையால் அரைக்கும் கருவி மேலைநாட்டில் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி என்பவர் 1922-ஆம் ஆண்டில், குவளையின் அடியில் அலகு சுழலும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பாலும் மால்ட்டும் கலந்த பானம் தயாரிப்பதே அவர் நோக்கம். 1937-இல் இசைக்குழுத் தலைவர் பிரெட் வாரிங் ஆதரவு தந்த கருவி சிக்காகோ நகரில் காட்சிக்கு வந்தது. அதுவும் பானம் கலக்கவே. நீர்மமான பொருளில் அலகு தடையின்றிச் சுழலும். ஆதலால் சிறிய மோட்டார் போதும்.

அத்தகைய கருவி இந்தியச் சமையலறைக்குள் நுழைந்தபோது என்ன நேர்ந்தது? தேங்காய்த் துருவலும் ஊறிய பருப்பும் சிறிதளவே நீர் சேர்த்துக் கெட்டியாக அரைபட வேண்டியவை. விரலிமஞ்சளோ கல்லை ஒத்தது. இவற்றினிடையே அலகு திணறும். அலகு திணறினால் மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். கம்பிச்சுருள் சூடேறி அதன் காப்புப் பூச்சு கருகும். புகைநாற்றம் எழுந்த பின்னர் வீட்டார் மீண்டும் அம்மியை நாடுவர்.

1960-களின் தொடக்கத்தில் பம்பாயில் மாதுரி மாத்தூர் என்னும் அம்மையாரின் இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது. அவருடைய ஜெர்மானியக் கருவி பழுதுற்றது. அதனைச் செம்மை செய்ய வழியில்லை. அவர் கணவர் சத்திய பிரகாஷ் மாத்தூர் பொறியாளர். நம் நாட்டு அரைவைக்குத் தாங்கும் மோட்டாரைத் தாமே அமைக்க அவர் முற்பட்டார். அந்த முயற்சியின் விளைவே 'சுமீத்' என்னும் மிக்ஸி. ஆற்றல் மிகுந்த மோட்டாரும் துருப்பிடியாத எஃகுப் பாத்திரமும் அதன் சிறப்புகள். கருவி ஆண் பொறியாளரின் பெயரால் அறியப்பட்டாலும், எதனை எவ்வளவு நைய அரைக்க வேண்டும் என்னும் அறிவு அடுக்களையினுடையது. அவ்வறிவின்றி அக்கருவி பிறந்திராது என்பது எம் கருத்து.

'மிக்ஸி' என்னும் சொல்லும் நம் நாட்டிலேயே உருப்பெற்றது. ஆங்கிலேயர் அதனை அறியார். தமிழில் அதற்குப் பல பெயர்களை இட்டுப் பார்த்தனர். 'கலவைக் கருவி' என்றால் கட்டடத் தொழிலாளர் நினைவுக்கு வருகின்றனர். மக்கள் 'மிக்ஸி' என்றே வழங்கினர், நாமும் பணிந்தோம்.

'புட் பிராசசர்' எனப்படுவது இதனினும் இளையது. பிரான்சில் பியேர் வெர்தன் என்பவர் உணவு விடுதிகளுக்கென அமைத்த கருவியே, 1970-களின் தொடக்கத்தில் 'மாஜிமிக்ஸ்' என்னும் பெயரில் வீட்டிற்கு ஏற்றதாகச் சிறுத்தது. அதனைக் கண்ட அமெரிக்கப் பொறியாளர் கார்ல் சொன்ட்ஹைமர் 1973-இல் 'குசினார்ட்' என்று தம் நாட்டில் அறிமுகம் செய்தார். அகன்ற கிண்ணத்தில் காய் நறுக்கவும் சீவவும் மாவு பிசையவும் வல்லது அது. பின்னர் இந்திய உற்பத்தியாளர்கள் மிக்ஸியையும் இதனையும் ஒரே மோட்டாரின் மேல் இணைத்தனர். சப்பாத்தி மாவு பிசையும் அலகும் தேங்காய் துருவும் அலகும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. விந்தியத்திற்கு இருபுறமும் உள்ள சமையலறைகளை இதனினும் எளிதாக ஒன்றுபடுத்திய பொருளை நாம் கண்டதில்லை.

எனினும் இட்டிலி மாவு மட்டும் மிக்ஸிக்கு முழுமையாக வசப்படவில்லை. அலகின் மிகுவேகத்தால் மாவு சூடேறுகிறது. குளிர்ந்த நீர் ஊற்றிச் சமாளிக்கிறோம். கல் மெதுவாகச் சுழலும்போது உளுந்து காற்றைத் தன்னுள் ஏற்றுப் பஞ்சுபோல் பொங்குகிறது. இதனை உணர்ந்து, ஆட்டுக்கல்லையே மின்விசையால் சுழலச் செய்தது கோயம்புத்தூர். 1955-ஆம் ஆண்டில் அந்நகரின் சபாபதி என்பவர் அதனை உருவாக்கினார். அம்மியில் குழவி நகரும், கல் நகராது, ஆட்டுக்கல்லிலும் அவ்வாறே. கிரைண்டரிலோ உருளை சுழலக் குழவி ஓரிடத்தில் நிற்கிறது. கோயம்புத்தூர் கிரைண்டர் பிற்காலத்தில் புவிசார் குறியீடும் பெற்றது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, அதுவரை விலை கொடுத்து வாங்க இயலாத குடிசைகளிலும் அவை புகுந்தன. மாவு அரைத்துப் பிழைத்த பெண்களின் கூலி எங்கே போயிற்று என்று எவரும் கணக்கெடுத்ததாக நமக்குத் தெரியவில்லை.

எம் இல்லத்தில் கிரைண்டர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சுழல்கிறது. ஹோலிப் பண்டிகைக்கு முந்தைய நாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் ஊறவைத்த உளுத்தம்பருப்புடன் வந்து நிற்பார். தயிர்வடைக்கு எங்கள் கல்லில் அரைத்த மாவுதான் வேண்டுமாம்.