51 மணி நேரம் தாங்கின பூட்டு

போன மாசம் எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல வேலைக்கு வந்திருந்த ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணனோட டூல் பாக்ஸை உடைச்சுட்டாங்க. ட்ரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், மல்டிமீட்டர் எல்லாம் போச்சு. ரெண்டு வாரம் அவருக்கு வேலையே இல்ல. "நல்ல பூட்டுதான் தம்பி போட்டிருந்தேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னார்.

நல்ல பூட்டுன்னா என்ன? இந்தக் கேள்விக்கு லண்டன்ல 1851ல ஒரு பதில் கிடைச்சுது.

ஜோசப் பிராமா 1784ல ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1790ல அவரோட பிக்காடிலி கடை ஜன்னல்ல ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவி இல்லாம திறக்கிறவங்களுக்கு 200 கினி பரிசுன்னு எழுதி வெச்சாங்க. இன்னைக்கு நாம பக் பவுன்ட்டின்னு சொல்றோமே, அதேதான்! 60 வருஷத்துக்கு மேல யாராலயும் முடியல.

இன்னொரு பக்கம் ஜெரமையா சப். 1818ல அவர் செஞ்ச லீவர் பூட்டுல ஒரு டிடெக்டர் இருந்தது. யாராவது உள்ளே நோண்டி ஒரு லீவரை அளவுக்கு மேல தூக்கினா, பூட்டு இறுகிடும். அடுத்த தடவை சாவி போடும்போது, யாரோ கை வெச்சிருக்காங்கன்னு ஓனருக்குத் தெரிஞ்சுடும். பூட்டு வேலை தெரிஞ்ச ஒரு கைதிகிட்ட, இதைத் திறந்தா விடுதலைன்னு சொன்னாங்க. அவராலயும் முடியல.

1851ல லண்டன் உலகக் கண்காட்சிக்கு ஆல்ஃப்ரட் ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கர் வந்தார். சப் பூட்டை 25 நிமிஷத்துல திறந்தார். எந்த லீவர் எவ்வளவு உயரம் போகணும்னு அவருக்குக் காட்டிக் கொடுத்ததே அந்த டிடெக்டர்தான். பாதுகாப்புக்கு வெச்ச எரர் மெசேஜ், ஹேக்கருக்கு வழி சொன்ன மாதிரி. அப்புறம் பிராமா பூட்டு. 16 நாள்ல, மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதையும் திறந்துட்டார்.

இதையெல்லாம் வெளியில சொன்னா திருடனுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி ஆகாதான்னு ஊரே கேட்டுச்சு. ஹாப்ஸோட வாதம் சிம்பிள்: திருடனுக்கு இது ஏற்கெனவே தெரியும், தெரியாம இருக்கிறது பூட்டு வாங்குறவங்கதான்.

இப்போ நம்ம டூல் பாக்ஸுக்கு வருவோம். கடையில '7 லீவர்'னு சொல்றாங்களே, அது சப் பூட்டோட சொந்தக்காரன்தான். ஆனா அந்த எண்ணிக்கை, கம்பி விட்டு நோண்டுறது எவ்வளவு கஷ்டம்னுதான் சொல்லும். பார்க்கிங்ல வர்ற திருடன் 51 மணி நேரம் உட்கார மாட்டான். கட்டரும் கடப்பாரையும்தான் கொண்டு வருவான்.

அதனால பூட்டோட வளையம் தடிமனா, கடினப்படுத்தின ஸ்டீல்ல இருக்கணும். பூட்டினதுக்கு அப்புறம் கட்டர் வாய் நுழைய இடமே இருக்கக் கூடாது. கொண்டியை வெளியில இருந்து ஸ்க்ரூ அடிச்சு மாட்டாதீங்க. போல்ட் போட்டு, நட்டைப் பெட்டிக்கு உள்ளே வெச்சு முடுக்குங்க. பெட்டியையே தூக்கிட்டுப் போயிடலாம்கிறதால, அதையும் சுவரோடயோ தரையோடயோ பிணைச்சிடுங்க.

அண்ணனோட பூட்டை நான் கையில வாங்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்ல, பூட்டினபடியே இருந்தது. நாலு ஸ்க்ரூவோட கொண்டியைத்தான் பேத்திருந்தாங்க.

அடுத்த எபிசோட்ல திண்டுக்கல் பூட்டோட கதை பேசலாம். பத்திரமா இருங்க.