சென்னையின் நிழலில் கொழும்புத் தமிழ்ப் பதிப்புத் தொழில்

வலிய அயல்நாட்டின் அருகே வாழும் சிறிய நாட்டில், அந்த அயல்நாட்டில் பெருக வழங்கும் மொழியையே தாய்மொழியாகக் கொண்ட சிறுபான்மையினரின் நிலை சிக்கலானது. பாரிஸைப் பார்த்தே எழுத நேர்ந்த பெல்ஜியத்துப் பிரெஞ்சு எழுத்தாளர்கள் அதை அறிவார்கள். கொழும்புத் தமிழ் எழுத்தாளர்கள் அதைவிடக் கடுமையாக அறிந்தார்கள். சிங்களப் பெரும்பான்மை அரசியல் இந்தியாவை அச்சத்தோடு நோக்கிய காலங்களிலும் தமிழ் வாசகருக்குச் சென்னை சொந்த மொழியின் தலைநகராகவே இருந்தது. ஆயினும் அதே சென்னைதான் இலங்கைத் தமிழ் நூல் தனக்கென ஒரு சந்தையைப் பெற முடியாமல் தடுத்தும் வந்தது.

1914 முதல் இயங்கிய 'போட் மெயில்', அதாவது தனுஷ்கோடிவரை ரயிலும் தலைமன்னார்வரை கப்பலும் அங்கிருந்து கொழும்புக்கு மீண்டும் ரயிலுமாக அமைந்த பயண இணைப்பு, இரு கரைகளையும் நெருக்கமாக்கியிருந்தது. கொழும்பில் கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸில் நெடுங்காலம் இயங்கிய 'வீரகேசரி' நாளிதழை 1930இல் தொடங்கிய சுப்பிரமணியம் செட்டியார் தமிழகத்தவர். அதன் தொடக்ககால ஆசிரியர்களுள் ஒருவரான எழுத்தாளர் வ.ரா.வும் தமிழகத்தவரே. இந்த நெருக்கத்தின் மறுபக்கம் கணக்கில் தெரிந்தது. ஆனந்த விகடன், கல்கி, குமுதம் முதலிய சஞ்சிகைகள் அச்சுச் செலவைத் தமிழகத்திலேயே ஈட்டிக்கொண்டு, மேலதிகப் பிரதிகளை இலங்கையில் விற்றன. உள்ளூர்ப் பதிப்பாளரோ ஆயிரம் பிரதிகளை அச்சிட்டு, முழுச் செலவையும் அவற்றிலிருந்தே மீட்க வேண்டியிருந்தது. எழுத்தின் தரம் எதுவாயினும் இந்தப் போட்டியில் அவர் வெல்ல வழியே இருக்கவில்லை.

1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், 1959 முதல் 1961 வரை 'தினகரன்' நாளிதழின் ஆசிரியராக இருந்த விமர்சகர் க. கைலாசபதியும் முன்வைத்த 'தேசிய இலக்கியம்', அதாவது இலங்கை மண்ணின் வாழ்வையும் பேச்சையும் பொருளாகக் கொண்ட எழுத்து என்னும் கோட்பாடு, இந்த நெருக்கடிக்கான விடையாகவும் அமைந்தது. வானொலியில் மட்டும் காற்று எதிர்த்திசையில் வீசியது: 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழக வீடுகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் நடுவே, 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. எழுத்தாளர் பலர் இதைக் கோரியே வந்திருந்தனர். எனினும், தமிழ்மொழி மூல மாணவரிடம் பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்ந்த புள்ளிகளைக் கேட்ட 'தரப்படுத்தல்' முறையையும், பௌத்தத்துக்கு முதன்மை தந்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பையும் கொண்டுவந்த அதே அரசின் கையால் அது நிகழ்ந்ததால், தமிழகத் தொடர்பை அறுக்கும் முயற்சியாகவே பல வாசகர்கள் அதைக் கண்டனர். அந்த ஐயம் நியாயமானது; கட்டுப்பாட்டால் விளைந்த பயனும் அதே அளவு உண்மையானது.

வீரகேசரி நிறுவனம் மலிவுப் பதிப்பு நாவல்களை வெளியிடத் தொடங்கி, நாடெங்கும் நாளிதழைக் கொண்டு சென்ற முகவர் வலையமைப்பின் வழியே அவற்றை ஊர்க் கடைகளுக்கு அனுப்பியது. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வன்னிக் காட்டோரக் கிராமமான தண்ணிமுறிப்பை நாவலுக்குள் கொண்டுவந்தது. தரையை ஒட்டிய பொந்தில் கூடு கட்டி, உயரப் பறக்காமல் வாழும் நிலக்கிளி என்னும் பறவையைப் போன்ற பதஞ்சலி என்ற பெண்ணை, அவளுடைய காட்டையும் வேட்டையையும் வயல் வெட்டுதலையும் விட்டுப் பிரித்துக் காண முடியாது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', பருவத்துக்கு வந்து வாடி என்னும் ஓலைக் குடில் போட்டுத் தங்கும் மீனவரைச் சொன்னது; 1978இல் அது திரைப்படமுமாயிற்று. சென்னைச் சஞ்சிகை எதிலும் இடம்பெற்றிராத இந்த மனிதர்கள் முதன்முறையாகப் பெருந்தொகை வாசகரைச் சந்தித்தனர்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் பழைய கணக்கு திரும்பியது. உள்ளூர்ப் பதிப்பின் சரிவுக்குத் திறந்த பொருளாதாரத்தை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்த 1983 ஜூலை வன்செயல், எழுதுவோரையும் வாங்குவோரையும் சேர்த்தே நாட்டைவிட்டு விரட்டியது. அவ்வாறு புலம்பெயர்ந்தவர்களுள் பலரின் நூல்கள் பின்னர்த் தமிழகத்திலேயே அச்சாயின; ஈழத்து எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை தம் 'மித்ர' பதிப்பகத்தைச் சென்னையில் நடத்தினார். ஈழத்து வாழ்வைச் சொல்லும் அந்த நூல்கள் இன்று இந்திய இறக்குமதிப் பொருளாகவே வெள்ளவத்தைக் காலி வீதிப் புத்தகக் கடைகளுக்கு வருகின்றன.