ஊர் தந்த இடம், அரசு தந்த ஆசிரியர்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்துத் தொடக்கப் பள்ளி விரிவாக்க வரலாறு

தென் மாவட்டச் சிற்றூர்களில் ஒரே பள்ளிக்கு இரண்டு பெயர் உண்டு. முதியவர்கள் 'போர்டு பள்ளிக்கூடம்' என்பார்கள். அடுத்த தலைமுறையினர் 'யூனியன் பள்ளிக்கூடம்' என்பார்கள். அந்தப் பள்ளியை யார் நடத்தினார்கள், எந்தக் காலத்தில் நடத்தினார்கள் என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவில், அதற்கு முன் நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மானாவாரிக் கரிசலும் விசைத்தறியும் வாழ்வாதாரமான இவ்வட்டாரத்தைக் கண்முன் வைத்து, தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கான இடத்தை உள்ளாட்சிகள் பெருக்கிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஊரின் கையும் அரசின் பணப்பையும் ஒன்றுசேர்ந்த காலங்களில்தான் பள்ளிகள் பெருகின என்பதே இதன் வாதம்.

1. திண்ணையிலிருந்து போர்டுக்கு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். அதாவது ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. எண்ணிக்கை சிறிதன்று. ஆயினும் திண்ணைப் பள்ளி ஊரார் கொடுக்கும் நெல்லிலும் காசிலும் நடந்தது. கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும், தீண்டாமைக்கு ஆளான தெருவின் பிள்ளைக்கும் அங்கே பெரும்பாலும் இடமில்லை. பெண் குழந்தைகள் மிகச் சிலரே படித்தனர்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தவை கிறித்தவச் சபைகளின் ஊர்ப் பள்ளிகள். 1820இல் இங்கு வந்த மிஷனரி ரேனியஸின் காலத்தில் அவை பரவின. மாவட்டத்தின் வறண்ட வடபகுதிக்கு அந்தப் பணி பிந்தியே வந்தது. மிஷனரி ராக்லண்ட் சிவகாசியை மையமாகக் கொண்டு அங்கே பணி தொடங்கியது 1854இல்தான்.

மக்களின் வரிப்பணம் பள்ளிக்கு வரத் தொடங்கியது 1871ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தால். 1882இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு தன்னாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884ஆம் ஆண்டுச் சட்டம் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் அமைத்தது. அன்றைய ஆவணங்களில் 'சங்கரநயினார்கோவில்' என்று எழுதப்பட்ட இவ்வட்டமும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. போர்டுகள் சில பள்ளிகளைத் தாமே நடத்தின, மற்றவற்றுக்கு மானியம் அளித்தன. ஆனால் சாலைக்கும் மருத்துவமனைக்கும் செலவிட்டதுபோக மிஞ்சியதே பள்ளிக்குக் கிடைத்தது.

2. சட்டம் வந்தது, இடம் வரவில்லை

1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு இரண்டு அதிகாரங்களைத் தந்தது. ஒன்று, அரசின் ஒப்புதலோடு தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியை அறிவிப்பது. மற்றொன்று, கல்வி வரி விதிப்பது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது.

இருந்தும் கட்டாயக் கல்வி நாட்டுப்புறத்தில் வேரூன்றவில்லை. வரி விதிக்கும் துணிவு உறுப்பினர்களுக்குக் குறைவு. வறண்ட வட்டத்தில் வரி விதித்தாலும் வசூல் சொற்பம். செல்வமுள்ள ஊர் பள்ளி கட்டிக்கொள்ளும். பள்ளி மிகவும் தேவைப்பட்ட ஊருக்கோ அதற்கான வருவாய் இராது. உள்ளூர் வருவாயை மட்டும் நம்பிய முறையின் அடிப்படைக் குறை இதுவே. 1930களில் தாலுகா போர்டுகளும் கலைக்கப்பட்டன.

3. 1953–1963: இரண்டு வழிகள்

விடுதலைக்குப் பின் பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகள் ஏராளம். அறைகளும் ஆசிரியர்களும் குறைவு. இதற்கு ராஜாஜி அரசு 1953இல் காட்டிய வழி, நாட்டுப்புறப் பள்ளிகளில் மூன்று மணி நேர முறை. இருக்கும் அறையையும் ஆசிரியரையும் கொண்டே காலையில் ஓர் அணியும் மாலையில் ஓர் அணியுமாக இரு மடங்குப் பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்பது கணக்கு. மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும் என்ற பகுதி 'குலக்கல்வி' என்ற கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அடுத்த மாதமே அதைக் கைவிட்டார்.

திட்டத்தை நீக்கியதால் இடப் பற்றாக்குறை தீர்ந்துவிடவில்லை. இருப்பதைப் பங்கிடுவதற்கு மாறாகப் புதிதாகத் திறப்பது என்று காமராசர் அரசு முடிவெடுத்தது. கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமும் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் அதற்குத் தோள் கொடுத்தனர். படித்த வேலையற்றோருக்கு வேலை தரும் நடுவண் அரசுத் திட்டத்தைப் பயன்படுத்திப் பள்ளியில்லா ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1957இல் நடந்த முதலாம் அனைத்திந்தியக் கல்வி ஆய்வு, குடியிருப்பு குடியிருப்பாகப் பள்ளியின் தொலைவைக் கணக்கிட்டது. எந்த ஊருக்குப் பள்ளி வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று.

அரசு ஆசிரியரைத் தந்தது. இடத்தை ஊர் தந்தது. சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் வகுப்புகள் தொடங்கின. 1956இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கிவைத்தார். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் கட்டடமும் கரும்பலகையும் சீருடையும் வழங்கினர். கரிசல் காட்டில் ஆடு மேய்க்கவும் களையெடுக்கவும் போகும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தவை இரண்டு: நடந்து போகும் தொலைவில் ஒரு கூரை, நண்பகலில் ஒரு வேளைச் சோறு.

4. யூனியனும் நகராட்சியும்

1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி 1960–61இல் ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. ஜில்லா போர்டுகளின் தொடக்கப் பள்ளிகள் அவற்றிடம் வந்தன. சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர், குருவிகுளம் ஒன்றியங்களின் சிற்றூர்களில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற பலகை ஏறியது இப்படித்தான். மக்கள் பெருகிய ஊரில் கூடுதல் அறை, தொலைவான குடியிருப்பில் புதுப் பள்ளி என்ற கோரிக்கைகள் ஒன்றியக் கூட்டத்தில் உறுப்பினர் வாயிலாக எழுந்தன.

இம்முறையில் குறையும் இருந்தது. ஆசிரியரின் பணியிடமும் மாறுதலும் உள்ளூர்ச் செல்வாக்குக்கு உட்பட்டன. ஆசிரியர் இயக்கங்களின் நெடுங்காலக் கோரிக்கையை ஏற்று, 1981 ஜூன் 1 முதல் அவர்கள் அரசு ஊழியராக்கப்பட்டனர். ஆசிரியருக்கு அது நியாயமான பாதுகாப்பு. ஆயினும் அதன்பின் ஒன்றியத்தின் கையில் தங்கியது பெரும்பாலும் கட்டடப் பராமரிப்பே.

நகராட்சியின் நிலையும் ஏறத்தாழ அதுவே. சொத்து வரியோடு கல்வி வரி இன்றும் வசூலாகிறது. நகராட்சிக் கணக்கில் 'தொடக்கக் கல்வி நிதி' என்ற தனித் தலைப்பு இன்றும் உண்டு. 1920ஆம் ஆண்டுச் சட்டம் நட்ட விதை நூறாண்டு கடந்தும் ஏட்டில் பசுமையாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 57 ஆயிரம் பேரைத் தாண்டிய சங்கரன்கோவிலில், தறித் தெருக்களின் பிள்ளைகளுக்கு அந்த நிதியால் ஆகக்கூடியது நிறைய.

5. இன்றைய தேவை

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியையும், 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தையும் உரிமையாக்கியது. அந்த உரிமை இருக்கும்போதே பல பெற்றோர் வேன் வைத்து ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தபின், மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மாற்று அறை வரும்வரை பிள்ளைகள் நெருக்கடியில் அமர்ந்தனர். ஆக, இன்றைய தட்டுப்பாடு நல்ல இடத்துக்கானது: உறுதியான சுவர், வகுப்புக்கொரு ஆசிரியர், தண்ணீர் வரும் கழிப்பறை.

முடிவுரை

திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஊர் மட்டும் இருந்தது, ஏழைக்கு இடமில்லை. 1920க்குப் பின் சட்டம் இருந்தது, பணமில்லை. 1954க்குப் பிந்தைய பத்தாண்டில் ஊரின் கையும் அரசின் பணமும் கூடின, பள்ளிகள் பெருகின. 1981க்குப் பின் சம்பளம் உறுதியானது. ஊரின் குரல் தேய்ந்தது. இந்த வரலாறு உள்ளாட்சிக்குச் சொல்லும் பணி எளிது. கல்வி வரியாக வந்தது எவ்வளவு, எந்தப் பள்ளியில் எந்த அறைக்குச் செலவானது என்பதை ஆண்டுதோறும் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் படிக்க வேண்டும். புதிதாக முளைக்கும் குடியிருப்புகளையும், அங்குள்ள ஐந்து வயதுப் பிள்ளைகளையும் வார்டு வாரியாக எண்ண வேண்டும். பெயர்ப்பலகையில் 'ஒன்றியம்' என்றும் 'நகராட்சி' என்றும் எழுதியிருப்பதற்கு அப்போதுதான் பொருள் உண்டு.