தொன்மரங்களை ஆவணப்படுத்தலின் வரலாறு: ஃபோர்ட்டிங்கால் யூ மரத்தை முன்வைத்து

மரத்தின் வயதை அறிய ஆண்டு வளையங்களை எண்ணுதல் மரபு. மிக முதிய மரங்களுக்கு அவ்வழி பெரும்பாலும் உதவுவதில்லை. வைரம் உளுத்து அடிமரம் கூடாகிவிடும்போது, மரத்தின் இளமைக்கால வளையங்களும் உடன் அழிகின்றன. எனவே தொன்மரத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு, அதனை முன்னர் அளந்தோர் விட்டுச்சென்ற குறிப்புகளே முதன்மைச் சான்றாகின்றன. ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில், ஃபோர்ட்டிங்கால் என்னும் சிற்றூரின் தேவாலய வளாகத்தில் நிற்கும் யூ மரம் இதனை நன்கு விளக்கும்.

1769-இல் இம்மரத்தை அளந்த டேன்ஸ் பாரிங்டன் அதன் சுற்றளவு 52 அடி என்றார். அதே காலத்தில் அங்குச் சென்ற தாமஸ் பென்னன்ட் தந்த அளவு 56½ அடி. முதுமரத்தின் அடிப்பகுதி புடைத்தும் நெளிந்தும் இருக்குமாதலால், அளக்கும் கயிறு ஒரு சாண் ஏறினாலும் இறங்கினாலும் அளவு மாறும். எவ்வுயரத்தில் அளப்பது என்பதற்குப் பொது விதி அன்று நிலைபெறவில்லை. ஆகவே இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுவதற்கில்லை. ஆயினும் இரண்டும் விலைமதிப்பற்றவை. பொந்தினுள் மூட்டப்பட்ட நெருப்பாலும், நினைவுப்பொருளுக்காக வெட்டிச் சென்றோராலும் அடிமரம் சிதைந்து, இன்று தனித்தனித் தண்டுகளாகவே காட்சியளிக்கிறது. அவை ஒரே மரத்தின் எச்சங்கள் என்பதற்கு அப்பழைய அளவுகள் வலுச்சேர்க்கின்றன. வயதைப் பொறுத்தவரை 2000 முதல் 5000 ஆண்டுகள் வரை கூறப்படுகிறது. இத்தனை அகன்ற இடைவெளி சான்றின் மெலிவையே காட்டும். பெரிய எண்ணை விரும்பி ஏற்பது ஆய்வாகாது.

பிரித்தானியாவில் பெருமரங்களைக் குறித்துவைக்கும் வழக்கம் பாரிங்டனுக்கும் முந்தையது. ஜான் ஈவ்லின் 1664-இல் வெளியிட்ட 'சில்வா' நூலிலேயே அத்தகைய குறிப்புகள் உண்டு. அந்நூலை எழுதத் தூண்டியது கடற்படைக்கான மரத்தட்டுப்பாடு. முதுமரங்களைக் காக்கும் எண்ணம் அன்று.

பிற்காலச் சட்டமும் வயதை அளவுகோலாகக் கொள்ளவில்லை. 1947-ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் மரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கச் சூழலின் வனப்பே அடிப்படையாயிற்று. பட்ட மரங்களுக்கும் ஆபத்தான மரங்களுக்கும் விலக்கு இருந்தது. முதுமையின் அடையாளமான பொந்தே ஆபத்தின் அடையாளமாகவும் கொள்ளப்படும்போது, வெட்டுவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது. பொந்துள்ள மரம் குழாய்போல் உறுதியாக நிற்கக்கூடும் என்பதும், அதன் உளுத்த வைரம் அரிய வண்டுகளுக்கும் பூஞ்சைகளுக்கும் வாழிடம் என்பதும் பரவலாக உணரப்பட நெடுநாளாயிற்று.

1998-இல் ஜான் ஒயிட், சுற்றளவிலிருந்து வயதை மதிப்பிடும் முறையொன்றை வகுத்தார். வளரிளம் பருவம், முதிர்பருவம், தளர்பருவம் என வளர்ச்சி வேகம் மாறுவதை அது கணக்கில் கொள்கிறது. 2004-இல் உட்லாண்ட் டிரஸ்ட் அமைப்பு பிற அமைப்புகளுடன் இணைந்து பொதுமக்களைக் கொண்டு தொன்மரங்களைத் தேடிப் பதியத் தொடங்கியது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அளப்பது பொது நெறி. வேறு உயரத்தில் அளக்க நேர்ந்தால் அவ்வுயரமும் குறிக்கப்படும். பயிற்சி பெற்றோர் சரிபார்த்த பின்னரே பதிவு உறுதியாகிறது. பாரிங்டன், பென்னன்ட் அளவுகளுக்கிடையே தோன்றிய ஐயம் இப்பதிவுகளில் எழ இடம் குறைவு.

இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கை 2018-இல் தொன்மரங்களை ஈடுசெய்ய இயலாத வாழிடங்கள் என ஏற்று, முற்றிலும் விதிவிலக்கான காரணமின்றி அவற்றை அழிக்கும் கட்டுமானத்துக்கு இசைவு மறுக்கப்பட வேண்டும் என்றது. கட்டுமான விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர் அவ்விடத்தில் தொன்மரம் உண்டா என அறிய இப்பதிவேட்டையும் நாடலாம். அதில் இடம்பெறாத மரத்துக்கு, நேரில் சென்று பார்ப்பவரின் கண்ணே துணை.